ஆறு பேர் படுக்கலாம், நாலு பேர்தான் உட்காரலாம்!

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். கணவர், நான், 9 வயது மகன், 5 வயது மகள். கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்து மாமியாரும் (67) வருகிறார். எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து 16 நாளில் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், மியூனிக் சுற்றிவரத் திட்டம். '6 பெர்த்' வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், சைக்கிள் எல்லாம் எடுத்துப் போகலாமா? இரவில் வழியில் எங்காவது ஓரங்கட்டித் தூங்கலாமா? பள்ளி மூடுவதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்பினால் செலவு குறையும் என்கிறார் கணவர். சரியா?
— வாசகி, ஹாரோ

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முன்பணம் கட்டிவிடவில்லையே? கட்டாமலிருந்தால் நல்லது. வாடகை நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை என்பதுதான். பெர்த் என்பது படுக்கையின் கணக்கு. ஆறு பேர் படுக்கக்கூடிய பல வண்டிகளில் பெல்ட் போட்டு உட்கார நான்கு இடம்தான் இருக்கும். நீங்கள் ஐந்து பேர். மகளின் குழந்தை சீட்டை முன்பக்கம் பார்த்த இருக்கையில்தான் பொருத்த முடியும். பக்கவாட்டு இருக்கை உதவாது. குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மகனுக்கும் பூஸ்டர் (உயரம் கூட்டும் சீட்) தேவைப்படலாம். பிரிட்டனில் 135 செ.மீ. உயரம் எட்டிவிட்டால் அது வேண்டாம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயதுக்குள் இருந்தால் 150 செ.மீ. எட்டும்வரை கட்டாயம்.

படுக்கையிலும் ஒரு கண் வையுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும். அது மாமியாருக்கும் ஆகாது, 5 வயதுப் பிள்ளைக்கும் ஆகாது. தடுப்பு வலை கட்டி மகனை அங்கே ஏற்றுங்கள். பின்பக்கம் இரு புறமும் இறங்க வழியுள்ள கட்டில் இருந்தால் அதை மாமியாருக்குக் கொடுங்கள். சுவரோடு ஒட்டிய கட்டிலில் நடு இரவில் எழுந்தால், பக்கத்தில் தூங்குபவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

அடுத்தது எடை. இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. 1997-க்குப் பிறகு எடுத்த சாதாரணக் கார் லைசென்ஸில் ஓட்டக்கூடிய உச்ச எடை 3,500 கிலோ. ஐந்து பேருக்கான வண்டி வெறுமையாகவே 3,100 கிலோ இருக்கலாம். அதில் 75 கிலோ ஓட்டுநரும் டீசலும் சேர்த்திதான் என்றாலும், மீதி 400 கிலோவுக்குள் மற்ற எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மற்ற நான்கு பேர் சுமார் 175 கிலோ. ஆளுக்குப் பத்துக் கிலோ துணி, 50. அரிசி, பருப்பு, பாத்திரம் 50. மேசை நாற்காலி 25. பிள்ளைகளின் சீட் 12. தண்ணீர்த் தொட்டி நிறைய 100. நான்கு சைக்கிளும் அதைத் தாங்கும் சட்டமும் 60. மொத்தம் 472. சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஓடும்போது தொட்டியில் 25 லிட்டர் மட்டும் வைத்தால் 337-க்கு இறங்கிவிடும். முகாமுக்கு (கேம்ப்சைட்) போய்த் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தில் நிறுத்தி எடை போட்டு அந்த இடத்திலேயே அபராதம் வாங்குவார்கள். மாமியார் ஆசைப்பட்டாலும் டேபிள்டாப் கிரைண்டர் வேண்டாம், அது மட்டும் பத்துக் கிலோ.

இப்போது பாதை. ஆறு இடப் பட்டியலில் சுவிட்சர்லாந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். கூகுள் மேப் காட்டும் நேரம் காருக்கானது. ஏழு மீட்டர் வண்டிக்கு அதோடு கால் பங்கு கூட்டுங்கள். இத்தாலி இந்தத் தடவை வேண்டாம். சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில், 17 கி.மீ. நீளமுள்ள கோத்தார்ட் சுரங்கத்தின் வாயில் விடுமுறைச் சனிக்கிழமைகளில் பல கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்து, அபராதம் பின்னாலேயே வீட்டுக்கு வரும். ஆகஸ்ட் ரோமில் நிறுத்திய வண்டிக்குள் தூங்குவது அடுப்புக்குள் தூங்குவது போல. ரோமுக்கு அக்டோபர் அரைப்பருவ விடுமுறையில் விமானத்தில் போங்கள்.

16 நாளுக்கு, அதாவது 15 இரவுக்கு, நாங்கள் போடும் பாதை இது. ஃபோக்ஸ்டனில் வண்டியை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் கலே. அன்றிரவு அங்கேயே பக்கத்தில் தங்கல். மறுநாள் பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க், சுமார் 400 கி.மீ., ஓர் இரவு. இந்த வழியில் லக்சம்பர்க்வரை சாலைச் சுங்கம் இல்லை, டீசலும் அந்த நாட்டில் அக்கம்பக்கத்தைவிட மலிவாகவே இருக்கும். அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் கொல்மார், மூன்று இரவு. பிறகு பாசல், பெர்ன் வழியாக லாட்டர்புரூனன், ஆறு இரவு. அங்கே ஊர் ஓரத்திலேயே முகாம், தலைக்கு மேல் 297 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டௌபாக் அருவி. வண்டியை அசைக்காமல் ரயிலிலும் கேபிள் காரிலுமே, கார் போகாத வெங்கன், முரன் ஊர்களுக்குப் போய்வரலாம். மாமியாரும் படி ஏறாமல் மலை பார்க்கலாம். திரும்பும்போது ஜெர்மனியின் கறுங்காட்டில் டிட்டிசே ஏரி இரண்டு இரவு, மோசல் ஆற்றங்கரையில் கோஹெம் இரண்டு இரவு, அங்கிருந்து கலே. கலேயிலிருந்து கலே வரை சுமார் 2,000 கி.மீ. வண்டி நூறு கிலோமீட்டருக்குப் பத்துப் பதினோரு லிட்டர் குடிக்கும்.

இரவுகளை இப்படி எண்ணிச் சொன்னதற்கு இன்னொரு காரணம் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இந்தப் பாதையில் சுவிட்சர்லாந்து ஆறு, பிரான்ஸும் ஜெர்மனியும் நான்கு நான்கு, ஆகவே சுவிஸ் விசா. ஒன்றிரண்டு இரவை மாற்றி நாடுகள் சமமாகிவிட்டால், முதலில் நுழையும் நாடு கணக்காகிவிடும். விண்ணப்பித்த பிறகு திட்டத்தைக் கலைக்காதீர்கள். தங்குமிடச் சான்றாக முகாம் முன்பதிவுகளையே கொடுக்கலாம். 'வழியில் பார்த்துக்கொள்வோம்' என்றால் சான்று இருக்காது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மகனுக்கு 45, மகளுக்கு இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூனில் தேடினால் நேர்காணல் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

முக்கியமான ஒன்று: மாமியார் தன் ஷெங்கன் விசாவை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். விண்ணப்பம் வசிக்கும் நாட்டில்தான். பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் வந்திறங்கிய பிறகு லண்டனில் முயன்றால் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஒரு வாரம் முன்பே கிளம்பும் யோசனைக்கு வருவோம். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனால் அபராதம் வரும். 21 நாளுக்குள் கட்டினால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, தாமதித்தால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் நாலு எண்பது 320. மிச்சம் பிடிக்க நினைத்தது அதிலேயே போய்விடும். பதிலாகக் கிளம்பும் கிழமையை மாற்றுங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் பிரான்ஸ் சாலைகள் திணறும். செவ்வாய், புதனில் கடந்தால் ரயில் கட்டணமும் குறைவாக இருக்கும். எல்லையில் 2025 அக்டோபர் முதல் புதிய நுழைவுப் பதிவு முறை வந்திருப்பதால் கூடுதலாக ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அடுப்பு. முகாமில் மின்சாரம் உண்டு, ஆனால் வீட்டு மின்சாரம் போல நினைக்காதீர்கள். பல இடங்களில் 6 ஆம்பியர்தான். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 1,380 வாட். அதில் ஃப்ரிட்ஜ் 150, 200 எடுத்துக்கொள்ளும். நீங்கள் 2,000 வாட் இண்டக்‌ஷனை முழு வேகத்தில் வைத்த நிமிடம் கம்பத்திலுள்ள சுவிட்ச் விழும். அந்தப் பெட்டி பூட்டியிருந்தால், காலையில் அலுவலகம் திறக்கும்வரை இருட்டு. 800 வாட்டில் வைத்தால் ஓடும். கெட்டில் வேண்டுமென்றால் 1,000 வாட்டுக்குள் உள்ளதாகப் பாருங்கள். சட்னிக்கு 750 வாட் மிக்சி தாராளமாக ஓடும், கெட்டிலோடு சேர்த்துப் போடாமலிருந்தால். மின்கம்பியைச் சுருளாகவே விடாமல் முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், சுருளில் சூடேறி உருகும்.

சோறும் பருப்பும் கேஸில் குக்கர் வைப்பதே எளிது. பிரிட்டிஷ் சிலிண்டரை அங்கே மாற்றித் தர மாட்டார்கள். எனவே 16 நாளுக்குப் போதுமான அளவு நிறைந்திருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள். தாளிப்பையும் மீன் பொரிப்பதையும் மட்டும் வெளியே, கூடார நிழலில் சின்ன அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, வெங்காய வாசனை மெத்தைத் துணியில் ஏறினால் இறங்காது, வாடகை நிறுவனம் சுத்தம் செய்யும் கட்டணம் போடும். அரிசி களைந்த தண்ணீரையும் சாம்பார்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டி ஊற்றுங்கள். கழிவுத் தொட்டியில் தங்கிய பருப்பு இரண்டாம் நாள் வெயிலில் வண்டியை நாறடித்துவிடும்.

ஊரிலிருந்து வந்த நெய், வீட்டுத் தயிர், கறிவேப்பிலை மூன்றையும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. செடி, இலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும். அரிசி, பருப்பு, பொடி வகைகள், எண்ணெயில் போட்ட ஊறுகாய் போகும். வேடிக்கை என்னவென்றால் கருவாட்டுக்குத் தடையில்லை. மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. வண்டிக்குள் அந்த வாசனையை யார் தாங்குவது என்பது உங்கள் குடும்பப் பஞ்சாயத்து.

கழிப்பறைப் பெட்டியின் கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர்தான். ஐந்து பேர் பயன்படுத்தினால் ஒன்றரை நாளில் நிரம்பும். முகாமில் இருக்கும்போது அவர்கள் கழிப்பறைக்கே போங்கள், வண்டியிலுள்ளது இரவுக்கு மட்டும். கிளம்பும் முன் அதன் மூடுதகடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய பெட்டியோடு மலைப்பாதையில் வளைந்தால் கசியும். அதே நேரத்தில் கேஸ் வால்வு, கூரை ஜன்னல், படிக்கட்டு, மின்கம்பி நான்கையும் ஒருவர் சுற்றிவந்து தொட்டுப் பார்க்கட்டும். கம்பியைக் கழற்றாமல் வண்டியை எடுப்பவர்கள் எல்லா முகாமிலும் இருக்கிறார்கள்.

ஓரங்கட்டித் தூங்குவது? ஜெர்மனியில் களைப்பு தீர ஓரிரவு நிறுத்தலாம், ஆனால் நாற்காலியை வெளியே போட்டால் அது முகாமாகிவிடும். சுவிட்சர்லாந்தில் கான்டனுக்குக் கான்டன் (மாநிலத்துக்கு மாநிலம்) சட்டம் மாறும், அபராதமும் அப்படியே. பிரான்ஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு தங்காதீர்கள், திருட்டுக்குப் பேர்போனவை. முகாம்களிலும் மதியம் 12 முதல் 2 வரை அலுவலகம் மூடியிருக்கும், இரவு 10-க்கு மேல் தடுப்புக் கம்பி திறக்காது. மாலை 5-க்குள் போய்ச் சேருமாறு கிளம்புங்கள்.

வாடகை நிறுவனத்திடம் வெளிநாடு கொண்டுபோக எழுத்துமூல அனுமதி, வாடகை வண்டிக்கான வி.ஈ.103 சான்றிதழ், போகும் எல்லா நாட்டுக்கும் காப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். உங்கள் இருவரில் யாருக்காவது லைசென்ஸ் புதிது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யு.கே. ஒட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு பளிச் உடுப்பு, வலப்புறம் ஓட்டும் நாடுகளில் எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க முகப்பு விளக்குக்கு ஒட்டும் வில்லை வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலை விக்னெட் (சாலைக் கட்டண வில்லை) 40 ஃபிராங்க். மின்னணு விக்னெட் வண்டி எண்ணோடு ஒட்டியது என்பதால், வண்டி கைக்கு வந்த பிறகு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வண்டியின் உயரத்தை மீட்டரில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். கூரையில் ஏசி இருந்து 3 மீட்டரைத் தொட்டால் பிரெஞ்சுச் சுங்கச்சாவடியில் லாரி வகையாகிவிடும்.

வரும்போது ஒரு விஷயம். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து சீஸ், வெண்ணெய், ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியைப் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. கொல்மாரில் வாங்கிய சீஸைக் கலேக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். சாக்லேட் வரலாம்.