பரணில் கிடக்கும் மூட்டை

கேள்வி: வயது 47. மதுரை வில்லாபுரத்தில் சுங்குடிச் சேலைத் தொழில் செய்துவந்தேன். கடன் கூடிப்போய் நான்கு மாதத்துக்கு முன் மூடிவிட்டேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. முடிச்சு அவிழ்க்காத சேலைகள் ஒரு மூட்டை பரணில் கிடக்கின்றன; அண்ணாந்து பார்க்கக்கூட முடியவில்லை. நான் ஒரு உதவாக்கரை என்றே தோன்றுகிறது. விடியாமலே போனால் தேவலை என்றும் சில நாள் நினைக்கிறேன். "தத்துவம் படி, உளப்பகுப்பாய்வு படி, மாத்திரை வேண்டாம்" என்கிறார் நண்பர். நம்பிக்கையோடு இரு என்கிறார்கள். எப்படி இருப்பது?

பதில்: முதலில், விடியாமலே போனால் தேவலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசிவிடுவோம். அந்த நினைப்பை இன்றைக்கே உங்கள் மனைவியிடமோ, நெருங்கிய ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அது வலுத்தால் எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தாங்க முடியாத அளவுக்குப் போனால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி.

மனதில் மறைந்திருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்டு, 1917-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் துக்கத்தையும் மனச்சோர்வையும் பிரித்துக் காட்டினார். துக்கத்தில் இருப்பவருக்கு உலகம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. மனச்சோர்வில் இருப்பவருக்கோ தானே வெறுமையாகிவிட்டதுபோலத் தெரிகிறது, தன்னையே ஏசிக்கொள்கிறார். நூறு வருஷம் கழிந்தும் நோயாளி எதிரே உட்காரும்போது எனக்கு இந்த வேறுபாடு உதவுகிறது. "தொழில் போச்சே" என்று நீங்கள் அழுதிருந்தால் துக்கம் என்று நினைத்திருப்பேன். "நான் உதவாக்கரை" என்கிறீர்கள். விடியுமுன் முழிப்பு, சாக நினைப்பு இவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவரிடம் நேரில் காட்டவேண்டிய மனச்சோர்வாகவே எனக்குப் படுகிறது. இந்த நிலையில் புத்தகம் மட்டும் போதாது. காய்ச்சலில் கிடப்பவனை ஓடி விளையாடச் சொல்வது போலாகிவிடும்.

துக்கம் என்பது ஒரு வேலை என்பதும் ஃப்ராய்டு சொன்னதுதான். இழந்ததோடு ஒட்டியிருக்கும் நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக விடவேண்டும். மொத்தமாக ஒரே நாளில் முடியாது. உங்கள் பரணில் கிடக்கும் மூட்டை அப்படிப்பட்ட வேலைதான் என்று தோன்றுகிறது. சிகிச்சை தொடங்கித் தூக்கம் கொஞ்சம் சீரானதும் அதை இறக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு சேலை போதும். மனைவியும் கூட இருக்கட்டும். முடிச்சை அவிழ்த்துப் புள்ளிகளைப் பாருங்கள். யார் கட்டிய முடிச்சு, எந்தத் தீபாவளிக்குப் போட்ட சாயம் என்று பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

ஃப்ராய்டு இதை ஏட்டுக்காக மட்டும் எழுதியவர் அல்லர். 1920-இல் அவர் மகள் சோஃபி 26 வயதில் இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வருஷம் கழித்தும், அந்த இடம் நிரம்பவே இல்லை, நிரம்பாமல் இருப்பதே சரி என்ற கருத்தில் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அதே ஒன்பது வருஷமும் நோயாளிகளைப் பார்த்தார், எழுதினார். நான் நம்பிக்கை என்று சொல்வது இதைத்தான். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்வதை அல்ல.

தத்துவம் எங்கே உதவும்? ரோமில் அடிமையாக வாழ்ந்த தத்துவஞானி எபிக்டெட்டஸ், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று தினமும் பிரிக்கச் சொன்னார். நூல் விலை, சாய விலை, கடன்காரர் பேச்சு எதுவும் உங்கள் கையில் இல்லை. நாளைக்கு எந்தக் கடன்காரரிடம் முதலில் பேசுவது என்பது இருக்கிறது. ஆற்றுநீர் போகும் வழியில் போகும் புணை (தெப்பம்) போல உயிர் என்று பாடிய நம் கணியன் பூங்குன்றனாரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தொழில் நொடித்ததற்கு முழுக் காரணமும் நான்தான் என்று எண்ணுபவருக்கு அந்த வரி பெரிய ஆறுதல்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு பார்த்துவிடச் சொல்லுங்கள். அவற்றாலும் இப்படிச் சோர்வு வரும். விடிந்ததும் தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்ய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த முதல் சில வாரங்கள் மருந்தை மனைவி கையில் கொடுத்து வையுங்கள்.