மாமாவின் மறதி வயசாலா, நோயாலா?

"என் மாமனாருக்கு 74 வயது. 15 வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். ஆறேழு மாதமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், போன வாரம் ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார். எங்கள் டாக்டர் 'வயசானா அப்படித்தான்' என்கிறார், கணவர் 'நீ சும்மா பயப்படறே' என்கிறார். நேராக நரம்பு டாக்டரிடம் போகலாமா?"
- வாசகி, திண்டுக்கல்

போகலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன் உங்கள் டாக்டரிடமே இன்னொரு முறை போங்கள், இந்த முறை கையில் ஒரு தாளோடு. ஏனென்றால் அந்த ஐந்து நிமிடம் மாமா நன்றாகத்தான் பேசுவார். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆச்சு டாக்டர்" என்பார். காலையில் என்ன டிபன் என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும், அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பழகிய தெருவில் வழி தவறுவது சாதாரண வயசு மறதி இல்லை. மூன்று வார்த்தை சொல்லி நினைவு வைக்கச் சொல்வது, கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வது, இதெல்லாம் எந்த கிளினிக்கிலும் செய்யக்கூடிய சோதனைதான்.

சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுகருக்குச் சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால், அதை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவே மறதியைக் கொண்டுவரலாம். தைராய்டு கோளாறு, ரத்தத்தில் சோடியம் (உப்பு) குறைவது, சுகர் அடிக்கடி இறங்குவது, மனச்சோர்வு, காது மந்தம், எப்போதோ விழுந்து தலையில் பட்ட அடியால் மெல்லக் கசியும் ரத்தம் என்று இன்னும் பல உண்டு. வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, சிறுநீர் அடிக்கடி வருவதற்குத் தரும் மாத்திரை, எல்லாமே வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. அப்புறம் ஒன்று, இரண்டே நாளில் திடீரென்று உளற ஆரம்பித்தால் அது வேறு கதை; பெரும்பாலும் ஏதோ தொற்று அல்லது உடல் கோளாறாக இருக்கும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிடுகிடுவென மோசமானாலோ, நடை தடுமாறினாலோ, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தாலோ நரம்பு டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிமென்ஷியாதான் (நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மூளை நோய்) என்று உறுதியானாலும் மாதாமாதம் பார்க்கப்போவது உங்கள் டாக்டர்தான். டோனெபெசில் போன்ற மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், நாடித்துடிப்பைக் குறைக்கலாம் என்பதால் அதைப் பார்த்துவிட்டே தர வேண்டும். இரவில் கத்துகிறார் என்று மனநோய் மாத்திரை எழுதினால், எதற்கு, எத்தனை நாளுக்கு என்று தயங்காமல் கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அது பக்கவாத ஆபத்தைக் கூட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

சுகர் மாத்திரையை இனி அவர் கையில் விடாதீர்கள், போட்டதை மறந்து இன்னொன்று போட்டுக்கொள்வார். வண்டிச் சாவி, ஏடிஎம் கார்டு பற்றி இப்போதே பேசிவிடுங்கள், அவருக்குப் புரிகிற காலத்திலேயே. அந்தப் பேச்சைப் பேச வேண்டியது மருமகள் இல்லை, மகன். டாக்டரிடம் போகும்போதும் உங்கள் கணவரைக் கூட்டிப் போங்கள், ஒருநாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.