பவுடர் மெஷரை வாங்காதீர்கள், முதலில் ஷெல்பிளேட் போல்ட்டைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ரவுண்ட் ராக்கில் ஹெச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போவதுண்டு. தோட்டாச் செலவைக் குறைக்கலாமென்று தோட்டா செய்யும் பழைய டில்லன் எக்ஸ்.எல். 650 பிரஸ் ஒன்றை வாங்கி, சுட்டு முடித்த 9 மி.மீ. கேஸ்களை (காலிக் கூடுகளை) ரீலோட் செய்து மீண்டும் தோட்டாவாக்கத் தொடங்கினேன். சிலவற்றின் அடியில் ப்ரைமர், அதாவது பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி, துருத்திக்கொண்டு நிற்கிறது. கேஸ்களைத் தாங்கிச் சுழலும் தட்டான ஷெல்பிளேட் முழுக்கப் பவுடர் (வெடிமருந்து) சிந்துகிறது. எடை போட்டுப் பார்த்தால் அளவும் ஏறி இறங்குகிறது. பவுடரை அளந்து விடும் பவுடர் மெஷர் கெட்டுவிட்டது, தன்னிடம் இன்னொன்று இருக்கிறது என்கிறார் பிரஸ்ஸை விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: ஷெல்பிளேட் போல்ட் தளர்ந்திருக்கிறது. அதற்கு ஓர் ஆலன் கீ போதும். மூன்றாவது குறையும் பவுடர் மெஷரைச் சரியான உயரத்தில் மாட்டாததால் வருவதுதான். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. பழைய பிரஸ்ஸை ஒரு விலைக்கு விற்றுவிட்டு, அப்புறம் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறவர்கள் துப்பாக்கி சுடும் எல்லா ரேஞ்சிலும் இருக்கிறார்கள். அவருக்கு இனி ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் பிரஸ்ஸைக் காலி செய்யுங்கள். கேஸ், ப்ரைமர், பவுடர் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஷெல்பிளேட்டை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடினாலும் விஷயம் அங்கேதான். ப்ரைமரைக் கீழிருந்து அழுத்தும்போது தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அழுத்தம் முழுதாக ப்ரைமருக்குப் போய்ச் சேராது, அது பாதியில் நின்றுவிடும். அதே தளர்வினால் தட்டு அடுத்த நிலைக்குத் திரும்பும்போது வெடுக்கென்று நிற்கும். 9 மி.மீ. கேஸ் குட்டையானது, சில பவுடர்கள் வாய்க்குப் பக்கத்தில்வரை வந்திருக்கும். விளிம்புவரை நிரம்பிய காப்பித் தம்ளரை வெடுக்கென்று நகர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. சிந்திய பவுடர் மணிகள் தட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்து தட்டை இன்னும் தூக்கிவிடும், அதனால் அடுத்த ப்ரைமர் இன்னும் மோசமாக உட்காரும். இப்படி ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது.

போல்ட்டைப் பிடித்துவைக்கும் சின்ன செட் ஸ்க்ரூவை முதலில் தளர்த்துங்கள். இதை மறந்துவிட்டுப் போல்ட்டை முறுக்கித் திருகைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. பிறகு தட்டு திரும்பவே சிரமப்படும் அளவுக்குப் போல்ட்டை இறுக்கி, துளித்துளியாகத் தளர்த்தி வாருங்கள். தட்டு தடையில்லாமல் திரும்ப வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அந்த இடத்தில் செட் ஸ்க்ரூவை மீண்டும் இறுக்கிவிடுங்கள். தட்டுக்கு அடியிலும் ப்ரைமரைத் தள்ளும் ஊசியின் தலையிலும் இருக்கும் தூசியைச் சிறு பிரஷ்ஷால் துடையுங்கள். ஒரே ஒரு பவுடர் மணி ஊசித் தலையில் ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு ப்ரைமரின் முகத்திலும் குழி விழும். அந்தக் குழியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். வீட்டு வேக்கம் கிளீனரை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் உங்கள் கை. இந்த பிரஸ்ஸில் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளும்போதுதான் ப்ரைமர் உட்காருகிறது. பலர் கீழே இழுப்பதைப் பலமாகச் செய்துவிட்டு, முன்னே தள்ளுவதை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். கடைசிவரை தள்ளி, அங்கே ஒரு கணம் நிறுத்துங்கள். மேசை ஆடினாலும் இதே கோளாறுதான் வரும், ஏனென்றால் கையின் பலம் மேசையை அசைப்பதிலேயே போய்விடும். செய்த தோட்டாவின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ப்ரைமர் கேஸின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே, ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து இஞ்ச் ஆழத்தில் இருக்க வேண்டும். மட்டத்துக்கு மேலே தட்டுப்பட்டால் அதைத் தனியே வையுங்கள்.

போல்ட், கை, மேசை எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட சில கேஸ்கள் மட்டும் ப்ரைமரை ஏற்க மறுக்கின்றனவா? அவற்றின் அடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ ராணுவத் தோட்டாவின் கேஸ். ப்ரைமர் கழன்று வராதபடி அதன் குழியின் விளிம்பை ஆலையிலேயே நசுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பை அகற்றாமல் புது ப்ரைமரைத் திணிக்கக் கூடாது. கை தடையை உணர்ந்தால் நிறுத்திவிடுங்கள், பலத்தால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் குழாயில் நூறு ப்ரைமர் வரிசையாக நிற்கிறது. ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். அந்தக் குழாயைச் சுற்றி இரும்புக் கவசம் வைத்திருப்பதே இதற்காகத்தான். கண்ணாடி போடாமல் பிரஸ் முன்னால் உட்காராதீர்கள். ரேஞ்சில் பொறுக்கிய கேஸ்களில், பார்க்க 9 மி.மீ. போலவே இருக்கும் ஆனால் குட்டையான .380 ரக கேஸும் கலந்திருக்கும், அதையும் பிரித்து எடுத்துவிடுங்கள்.

இனி பவுடர் அளவு. இந்த மெஷரை இயக்குவது கேஸ்தான். கேஸ் மேலே போய், பவுடரை அளக்க உள்ளிருக்கும் பாரைத் தள்ள வேண்டும். மெஷரைத் தாங்கும் டை உயரமாக மாட்டியிருந்தால் பார் முழு தூரம் போகாது, அளவு குறையும். கேஸின் வாய் போதிய அளவு விரியாமல் இருப்பதும் இதற்கு அடையாளம். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பார் கடைசிவரை போகும்படி செய்யுங்கள். பெட்டியில் பவுடர் நிரப்பியவுடன் வரும் முதல் சில அளவுகளை நம்பாதீர்கள், பவுடர் படிய நேரம் வேண்டும். ஏ.சி. காற்று படும் இடத்தில் டிஜிட்டல் தராசு வைத்திருந்தால் கோளாறு தராசிலும் இருக்கலாம். தெரிந்த எடைக் கல்லை வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் மேலே மாட்டியிருக்கும் அச்சுகளான டைகளை எல்லாம் கடைசியாக ஒருமுறை, தட்டின் ஐந்து நிலையிலும் கேஸ் இருக்கும்போது சரிபார்க்க வேண்டும். ஒரே கேஸை வைத்து அமைத்தால், தட்டு நிறைந்ததும் நீளம் மாறிவிடும். 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் 1.169 இஞ்சைத் தாண்டக் கூடாது, வாய் விட்டம் 0.380 இஞ்சுக்குள் இருக்க வேண்டும். உங்கள் பேரலைக் கழற்றி அதில் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். டொக்கென்று விழுந்து, விரலால் சுழற்றினால் சுழல வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஏதோ சிக்கிக்கொள்கிறது, கைப்பிடியை நிறுத்துகிறீர்கள், குனிந்து சரிசெய்கிறீர்கள், மீண்டும் இழுக்கிறீர்கள். அந்த இடைவெளியில் இரண்டாம் நிலையில் இருந்த கேஸுக்குப் பவுடர் விழுந்ததா, விழவில்லையா, இரண்டு முறை விழுந்துவிட்டதா? உங்களுக்குத் தெரியாது. பவுடர் விழாத தோட்டாவைச் சுட்டால் ப்ரைமரின் பலம் மட்டும் குண்டைப் பேரலின் பாதியில் கொண்டுபோய் நிறுத்தும். சத்தம் சன்னமாக இருக்கும். போட்டி வேகத்தில் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், சில நேரம் வெடிக்கும். இரட்டை அளவு விழுந்தது இன்னும் மோசம். 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு), இரட்டைப் பவுடர் அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். ஆகவே பிரஸ் எதற்காக நின்றாலும், தட்டில் இருக்கும் எல்லாக் கேஸையும் எடுத்துவிட்டு, பவுடரைக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள். ஐந்து கேஸுக்காக யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். இரட்டை அளவு விழுந்தால் கேஸே வழிந்து காட்டிக்கொடுக்கும்படி, பருமனான பவுடராகத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் நிலையில், விழுந்த பவுடரின் அளவைச் சோதிக்கும் பவுடர் செக் டை மாட்டுங்கள். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் எட்டிப் பார்க்க ஒரு நல்ல விளக்கு வையுங்கள். செலவு செய்ய ஆசையாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள்.

பவுடர் அளவை, ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவரிடமோ வீடியோவிலோ கேட்டு எடுக்காதீர்கள். பவுடர் தயாரிப்பாளரே அட்டவணை வெளியிடுகிறார், அதன் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். துப்பாக்கிச் சந்தையில் சீல் உடைந்த டப்பாவில் மலிவாகப் பவுடர் விற்பார்கள். உள்ளே இருப்பது லேபிளில் எழுதியிருப்பதுதானா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2020-இல் ப்ரைமர் தட்டுப்பாடு வந்தபோது போலிக் கடைகள் இணையத்தில் முளைத்தன. பாதி விலை, முன்பணம், கார்டு ஏற்க மாட்டோம் என்று எவராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். கேஸ் கழுவும் சல்லடையைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், அதில் ஈயத் தூசி இருக்கும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஹெச்-1பி என்று எழுதியிருக்கிறீர்கள். வேட்டை லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்க மத்திய சட்டம் 1998 முதல், குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஹெச்-1பியும், அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்-4-உம் இதில் அடங்கும். இங்கே பலர் தவறுவது எங்கே என்றால், சட்டம் தோட்டா என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டுமல்ல. காலி கேஸ், ப்ரைமர், குண்டு, பவுடர் ஒவ்வொன்றும் அதன் கணக்கில் தோட்டாதான். துப்பாக்கி நண்பருடையது, நான் ரீலோட் மட்டும்தான் செய்கிறேன் என்ற சமாதானம் செல்லாது. உங்கள் கராஜில் இருக்கும் ப்ரைமர் பெட்டியே போதும். தண்டனை 15 ஆண்டுகள்வரை போகலாம், விசாவும் போகும், நாடு கடத்தவும் செய்யலாம்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்குப் பயன்படுவது ஒன்று: ஏதாவதொரு மாநிலம் முறைப்படி கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை இல்லை. மான் பக்கமே போகாமல் காகித அட்டையைச் சுடுகிறவர், இந்த ஊரில் பத்துப் பதினைந்து வருடம் வரி கட்டி, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறவர், வேட்டைக்காரர் என்று காகிதம் வாங்கினால்தான் சட்டப்படி விளையாட முடியும். கிரீன் கார்டு வரிசையையும் நகர்த்த மாட்டார்கள், இந்த விதியையும் நேராக்க மாட்டார்கள். இருந்தாலும் விதி விதிதான், அதன்படியே நடந்துகொள்ளுங்கள். டெக்சாஸில் ஆறு மாதம் வசித்துவிட்டால் உள்ளூர்வாசிக்கான லைசென்ஸ் 25 டாலர். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடிக்க வேண்டும், அதை இணையத்திலேயே முடித்துவிடலாம். மீன்பிடி லைசென்ஸ் இதற்கு உதவாது. லைசென்ஸ் காலாவதியாகும் நாளில் விதிவிலக்கும் போய்விடும், ஆனால் தோட்டா வீட்டிலேயே இருக்கும், சிக்கல் அங்கேதான். உங்கள் மனைவி ஹெச்-4-இல் இருந்து பிரஸ்ஸில் உதவி செய்கிறார் என்றால் அவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும், உங்களுடையது அவருக்குச் செல்லாது. செய்த தோட்டாக்களை நண்பர்களுக்குச் செலவுக்கு மட்டும் என்று விற்கவும் செய்யாதீர்கள், விற்பனைக்குத் தயாரிக்க ஆறாம் வகை மத்திய லைசென்ஸ் தேவை.

ஏற்கெனவே செய்துவைத்த தோட்டாக்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். லைசென்ஸ் இல்லையென்றால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், பிரஸ் பக்கம் போகாதீர்கள். லைசென்ஸ் இருக்கிறதென்றால், அந்தத் தோட்டாக்கள் எதையும் சுடாதீர்கள். துருத்திய ப்ரைமரைச் செய்து முடித்த தோட்டாவில் அழுத்திச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். குண்டு கழற்றும் சுத்தியலை அதனுடன் வந்த பிடிப்பானோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பயன்படுத்துங்கள். பிரித்த பவுடரை டப்பாவில் திருப்பிப் போடாமல் புல்தரையில் பரவலாகத் தூவிவிடுங்கள். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியே முடிந்துவிடும். புது ஆண்டுக்கானது அதற்குச் சில நாள் முன்பே விற்பனைக்கு வந்துவிடும், வந்த வாரமே வாங்கிவிடுங்கள்.