வாசகர் கேள்வி – பதில்: கயிறும் கந்தைத் துணியும்

கேள்வி: கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருக்கிறேன். சபையில் மூப்பராகவும் இருக்கிறேன். வேலைக்காக, பிள்ளையின் கல்லூரி இடத்துக்காக, நின்றுபோன உதவித்தொகைக்காக என்று வாரத்தில் இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். ஒரு வார்த்தை சொல்லி உதவினால், ‘நான் இல்லாவிட்டால் இவருக்கு இது நடந்திருக்குமா’ என்ற எண்ணம் உள்ளே தலைதூக்குகிறது. அதற்குப் பயந்து ஒதுங்கினாலோ, வெறுங்கையோடு திரும்பியவரின் முகம் இரவில் தூங்கவிடுவதில்லை. செல்வாக்கைப் பயன்படுத்துவது ஒரு கிறிஸ்தவனுக்குத் தகுமா? – ஒரு மூப்பர்

பதில்: அன்புச் சகோதரருக்கு ஸ்தோத்திரம். பெருமை வந்துவிடுமோ என்று பயந்து உதவாமல் இருப்பதைத் தாழ்மை என்று நான் எண்ணவில்லை. அந்தப் பயத்திலும் நம் கண் நம்மேல்தான் இருக்கிறது. வாசலில் நிற்கிறவர்மேல் இல்லை.

உங்களுடைய இரண்டு தொல்லைகளுக்கும் எஸ்தர் 4:14 என்ற ஒரே வசனத்தில் மருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட காலத்துக்கு உதவியாயிருக்கும்படியே உனக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே என்று, யூதர் அழிக்கப்படவிருந்த நேரத்தில் மொர்தெகாய் தன் வளர்ப்பு மகளான எஸ்தர் ராணிக்குச் சொன்ன பின்பகுதியை நாம் எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். ஆனால் அதே வசனத்தின் முன்பகுதியில், நீ மவுனமாயிருந்தாலும் யூதருக்குச் சகாயம் வேறொரு இடத்திலிருந்து எழும்பும் என்று அவன் சொல்லிவிடுகிறான். பின்பகுதி ஒதுங்குகிறவனை எழுப்பிவிடுகிறது. முன்பகுதி, ‘நான் இல்லாவிட்டால்’ என்று நினைக்கிறவனை உட்கார வைக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஆனால், உதவலாமா என்பதைவிட, எப்படி உதவுவது என்பதில்தான் தாழ்மை பிடிபடும் என்று நினைக்கிறேன். எரேமியா 38-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. பிரபுக்கள் தீர்க்கதரிசியாகிய எரேமியாவைக் கயிறுகளால் ஒரு துரவில், அதாவது கிணறு போன்ற குழியில், இறக்கிவிட்டார்கள். அதில் தண்ணீர் இல்லை, உளைதான் (சேறு) இருந்தது, அவர் அந்த உளையில் அமிழ்ந்தார். அரமனையில் வேலை பார்த்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் இதைக் கேள்விப்பட்டு, பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த சிதேக்கியா ராஜாவிடம் நேரே போய், இந்த மனுஷர் செய்தது தகாதது என்று வெளிப்படையாகவே சொன்னான். அவன் அந்நியன், எதிராளிகளோ, ராஜாவே பயந்து விட்டுக்கொடுத்த பிரபுக்கள். ராஜா முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான்.

என் மனம் நிற்கிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. ராஜாவின் உத்தரவும் ஆட்களும் கையில் இருக்க, அவன் முதலில் பொக்கிஷ அறையின் கீழே இருந்த ஓர் இடத்துக்குப் போய், கிழிந்துபோன பழைய துணிகளைத் தேடி எடுத்தான். அவற்றைத் துரவுக்குள் இறக்கி, இவற்றை அக்குள்களில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்றான். உயிர் பிழைத்தால் போதாதா, அக்குள் உறுத்தினால் என்ன என்று அவன் நினைக்கவில்லை. தூக்குகிறவனின் கைக்குக் கயிறு உறுத்துவதில்லை, தொங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

நாம் செய்கிற உதவியிலும் கயிறு உறுத்துவதுண்டு. என் இளவயதில், ஒரு பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையால் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அந்த நன்றியை இன்றைக்கும் மறக்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள், எந்தக் கூட்டத்தில் என்னைக் கண்டாலும் அவர் என் தோளில் கை வைத்து, பக்கத்தில் நிற்பவரிடம், “நான் சேர்த்துவிட்ட பையன்” என்று சொல்வதையும் மறக்க முடியவில்லை. அவர் கெட்டவர் அல்லர், பாசத்தோடுதான் சொன்னார். இருந்தும், அவர் மண்டபத்தில் இருப்பது தெரிந்தால் நான் பின்வாசல் வழியாக நழுவிவிடுவேன். வருகிறவரைக் கூடத்தில் பலர் நடுவில் உட்காரவைத்து அவருடைய கஷ்டத்தைச் சொல்லவைப்பதும், ஒரு போன் செய்வதற்கு நான்கு முறை அலையவிடுவதும், பிறகு அதையே சாட்சியாகச் சபையில் எழுந்து சொல்ல எதிர்பார்ப்பதும் இந்த வகைதான். வேலை முடிந்ததும் உங்கள் பெயர் அந்தக் கதையிலிருந்து விலகிக்கொள்ளட்டும்.

பர்னபா அப்படித்தான் விலகினார். முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலுக்கு (பின்னாளில் பவுல்) எருசலேமில் சீஷர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கியபோது, தம்முடைய நல்ல பெயரையே பிணையாக வைத்து அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனவர் அவர் (அப்போஸ்தலர் 9:27). பிறகு தர்சுவுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. ஆனால் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்றிருந்த பெயர்வரிசை, அந்த அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ என்று மாறிவிடுகிறது. அதைக் குறித்து அவர் முறையிட்டதாக ஒரு வரிகூட இல்லை. (பின்னால் இருவருக்கும் சண்டை வந்தது உண்மை, அது மாற்கு என்ற இன்னோர் ஆளுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பர்னபா நின்றதால் வந்தது.)

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். லேவியராகமம் 19:15 பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சுவதை மட்டுமல்ல, சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்வதையும் தடுக்கிறது. கிடப்பில் கிடக்கிற விண்ணப்பத்தை உரியவர் கண்ணில் படச் செய்வது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றித் தெரிந்த உண்மையைச் சொல்வது, எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுவது – இவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வரிசையில் நிற்கிற ஒருவரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த வேண்டியிருந்தால், நகர்த்தப்படுகிறவர் உங்கள் வீட்டு வாசலை அறியாதவர் என்பதை நினைத்துப் பாருங்கள். நின்றுபோன உதவித்தொகைக்கு நீங்கள் பேசலாம். கல்லூரி இடத்துக்கு மிகவும் யோசித்துத்தான் பேச வேண்டும்.

கேட்காமலே பாய்ந்து உதவுவதும் நல்லதன்று. சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் எலிசா தீர்க்கதரிசி, உனக்காக ராஜாவிடம் பேச வேண்டுமா என்று கேட்டபோது, தன் ஜனத்தின் நடுவே சுகமாயிருப்பதாக அவள் சொல்லிவிட்டாள் (2 இராஜாக்கள் 4:13). அவர் வற்புறுத்தவில்லை. ‘காணிக்கை’ என்ற பெயரில் நன்றி வீடு தேடி வந்தால், குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமானிடம் எலிசா வாங்க மறுத்த காணிக்கைக்காக, அவருடைய வேலைக்காரன் கேயாசி அந்த இரதத்துக்குப் பின்னால் ஓடியதை நினைத்து, அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் கடைசி நிலையில் வேலை செய்கிறவள் நான். செல்வாக்கைப் பற்றிய போதனை எல்லாம் பெரியவர்களுக்குத்தானே, ஐயா? – ஒரு சகோதரி

பதில்: இல்லை, சகோதரி. அதே நாகமானின் வீட்டில், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுபெண் இருந்தாள். வேதத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் என் எஜமானின் குஷ்டம் நீங்குமே என்று தன் நாச்சியாரிடம் அவள் சொன்ன ஒரு வார்த்தை சீரியாவின் ராஜா வரைக்கும் போயிற்று (2 இராஜாக்கள் 5:2-5). எங்கே போனால் உதவி கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்தவர் எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழிப்பது மேலதிகாரியின் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் படும்.