உன் தட்டை யார் கழுவினார்கள்?

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து சாரணர் படையில் இருக்கிறேன். சாரணர்களுக்கான மாநில விருதான ராஜ்ய புரஸ்கார் சான்றிதழும் வாங்கிவிட்டேன். சென்ற மாதம் எங்கள் பள்ளியில் படைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுவர்களுக்கு 3 நாள் முகாம் நடந்தது. சாரண ஆசிரியர் 8 பேரை என் பொறுப்பில் விட்டார். கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, கொடி வணக்கம் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் யாரும் என்னை மதிக்கவில்லை. விசில் ஊதினால் வருவதில்லை. என் தட்டைக் கழுவ ஆளுக்கு ஒரு வேளை என்று முறை போட்டிருந்தேன். அதைக்கூட முகம் சுளித்துக்கொண்டுதான் செய்தார்கள். ஒருவன் முடியாது என்றே சொல்லிவிட்டான். கடைசி நாள் என் அணி வரிசையில் நிற்க மறுத்தது. எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிட்டது. எனக்குத் தலைமைப் பண்பு இல்லையா? பிளஸ் டூ வரப்போகிறது, விட்டுவிடு என்கிறார் அம்மா. விலகிவிடலாமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, தலைமைப் பண்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டு எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்புத் தலைவன் கேட்கிறான், கபடிக் குழுத் தலைவி கேட்கிறாள். எல்லோரும் எதிர்பார்ப்பது, உனக்கு எல்லாம் இருக்கிறது, மனம் தளராதே என்கிற ஒரு வரியை. அந்த வரியை உனக்கு நான் எழுதப்போவதில்லை. விசிலையும் வரிசையையும் பற்றிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாயே, உன் தட்டைக் கழுவ முறை போட்டதாக, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஏன் போட்டாய்? முகாமில் வேலைக்கு முறை போடுவது வழக்கம்தான். தண்ணீர் எடுக்க ஒருவர், விறகு சேர்க்க ஒருவர், பரிமாற ஒருவர், சமையல் பாத்திரம் துலக்க இருவர் என்று பிரித்து மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் அணித்தலைவன் பெயரும் இருக்க வேண்டும். ஆனால் அவரவர் சாப்பிட்ட தட்டு அவரவர் பொறுப்பு. இத்தனை வருடம் படையில் இருந்த உனக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

உன் தட்டைக் கழுவிய ஒரு பையனை நினைத்துப் பார். ஆறாம் வகுப்பு. ஒருவேளை வீட்டை விட்டு வெளியே தங்குவதே அவனுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கலாம். குழாயடியில் குந்தி உட்கார்ந்து தன் தட்டைக் கழுவி வைக்கிறான். பிறகு உன் தட்டை எடுக்கிறான். விளிம்பில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது. நீ மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கை ஓரத்தில் கிடக்கிறது. அதை விரலால் வழித்துத் தள்ளிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கிறான். இன்னொருவரின் எச்சில் தட்டை எடு என்று சொல்வதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று உனக்கு விளக்க வேண்டுமா? அந்த வேலையை யாரிடம் சொன்னார்கள், யாரிடம் சொல்லவில்லை என்பதை வைத்தே ஊரில் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று தெரிந்துவிடும். முகம் சுளித்தார்களாம்! சுளிக்காமல் கழுவியிருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும். முடியாது என்று சொன்னானே, அவனை அவன் பெற்றோர் நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

நீ போட்டிருக்கும் சீருடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 20 சிறுவர்கள். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைக் கலந்துதான் நான்கு அணிகளாகப் பிரித்தார். அதே இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. அதைப் பொறுக்காமல்தான் அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். நம்மை ஒரு படி கீழே வைத்ததை எதிர்த்து இங்கே வேர் பிடித்த இயக்கம் அது. அதன் ஸ்கார்ஃபைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நீ 8 பிள்ளைகளை ஒரு படி கீழே வைத்தாய். சாரணர் விதிகளில் மூன்றாவதை, மற்ற சாரணர் ஒவ்வொருவருக்கும் நீ உடன்பிறந்தவன் என்பதை, எத்தனை முறை ஒப்பித்திருப்பாய்?

வீட்டில் உன் தட்டை யார் எடுக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. எழுதாமலே தெரிகிறது. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகும் ஆண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா எடுப்பார், அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அக்காவோ தங்கையோ எடுப்பாள். அப்படி வளர்ந்தவன் கையில் 8 பேரை ஒப்படைத்தால், தன் தட்டை எடுக்க அவர்களில் ஆள் தேடத்தான் செய்வான். இந்தப் பதிலை உன் அம்மாவிடமும் காட்டு. அம்மா, படிக்கிற பிள்ளை என்று நீங்கள் எடுத்துக் கழுவும் ஒவ்வொரு தட்டும் அவனைக் கெடுக்கிறது. ஒரு வீட்டில் பிறந்தவன் அந்த வீட்டு வேலையில் பங்கெடுத்தே ஆக வேண்டும். பொதுத்தேர்வு அதற்கு விதிவிலக்கு ஆகாது.

பெரியவர்களுக்குச் சிறியவர்கள் செய்வது முறைதானே என்று நீ கேட்கலாம். எழுந்து நடக்க முடியாத பாட்டியின் தட்டை எடுப்பது பேரனின் கடமை. கை கால் நன்றாக இருக்கும் உனக்கு ஒரு சிறுவன் அதைச் செய்ய வேண்டியதில்லை. மூத்தவன் கூடுதலாக உழைக்க வேண்டும், கடைசியில் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதைத்தான் நம்புகிறேன்.

இப்போது விலகாதே. பிளஸ் டூவுக்காக முகாம்களைக் குறைத்துக்கொள்வது நியாயம்தான். அதைப் பிறகு ஆசிரியரிடம் பேசிக்கொள்ளலாம். இந்த நிலையில் விட்டுவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ஓட்டம். அடுத்த படைக் கூட்டத்துக்கு முன்பே ஆசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல். 3 நாளும் குழாயடியில் நடந்தது அவர் கண்ணில் படவே இல்லையா என்று அவரையும் நான் கேட்கிறேன். கூட்டத்தில் அந்த 8 பேர் முன்னால் நின்று, என் தட்டைக் கழுவச் சொன்னது தவறு என்று சொல். விளக்கம் சேர்க்காதே. படையில் மூத்த அண்ணன்கள் என்னையும் இப்படித்தான் கழுவ வைத்தார்கள் என்று ஆரம்பிக்காதே. அது உண்மையாகவே இருந்தாலும் உன்னோடு நிற்கட்டும். மறுத்த பையனிடம் தனியாகவும் மன்னிப்புக் கேள்.

உடனே அவர்கள் உன்னிடம் ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். யாராவது சிரிக்கலாம், பொறுத்துக்கொள். அடுத்த முகாமில் அணித்தலைவன் பொறுப்பைக் கேட்காதே, சமையல் பாத்திரம் துலக்கும் வேலையைக் கேட்டு வாங்கு. பொறுப்பை மறுபடி உனக்குக் கொடுக்கலாமா என்பதை அந்த 8 பேரையும் கேட்டுவிட்டு ஆசிரியர் முடிவு செய்யட்டும்.