அமிலத்தின் செறிவு கூடினால் வினை வேகமாகும் என்றால், தொழிற்சாலைகளில் ஏன் தண்ணீர் கலந்து பயன்படுத்துகிறார்கள்?

நீங்கள் பிளஸ் டூ படிக்கிறவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பாடத்தில் இருப்பது தப்பில்லை. ஒரு லிட்டர் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு அதிகமோ, அவை உலோகத்தின்மேல் வந்து மோதுவதும் அவ்வளவு அதிகம். அதனால் வினையும் வேகம். மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள், அப்புறம் கொஞ்சம் செறிவான அமிலத்தில் போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆசிட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்களோடு வேலை செய்தவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

கோயம்புத்தூரில் ஒரு ஜிங்க் பிளேட்டிங் (இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு ஏற்றுவது) பட்டறையில் ஆசிட் தொட்டிகள் என் பொறுப்பில் இருந்தன. பிளேட்டிங்குக்கு முன்னால் இரும்பில் துரு இருக்கக் கூடாது. அதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுப்போம். பிக்ளிங் என்பார்கள். கேனில் வரும் ஆசிட் 30 முதல் 33 சதவீதம். அதற்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 17 சதவீதம் வரும். எங்கள் தொட்டியில் இருந்தது அதுதான்.

ஏன் அப்படி? துரு கரைந்ததும் ஆசிட் நின்றுவிடாது, அடியில் இருக்கிற நல்ல இரும்பையும் தின்னும். அப்போது ஹைட்ரஜன் உண்டாகும். பெரும்பகுதி குமிழியாக வெளியே போய்விடும், கொஞ்சம் அணுவாகவே எஃகுக்குள் புகுந்துவிடும். சாதாரண போல்ட்டுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. 12.9 கிரேடு மாதிரி கடினமான போல்ட் என்றால் அது நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். முறுக்கும்போது தாங்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தெறிக்கும்.

அதே 12.9 போல்ட்டுக்கு ஒரு முறை அவசர ஆர்டர் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர், தண்ணீர் சேர்க்காத ஆசிட்டைத் தொட்டியில் நிரப்பச் சொன்னார். "வேண்டாம் சார், இது ஹார்டு போல்ட், ஹைட்ரஜன் ஏறிவிடும்" என்றேன். "செறிவு கூடினால் வேகம் கூடும், ஸ்கூல் பையனுக்கே தெரியும்" என்றார். வேகம் கூடியது உண்மைதான், துரு மளமளவென்று போனது. கூடவே ஆசிட் புகை பட்டறை முழுக்க. பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருமிக்கொண்டும் வேலை செய்தார்கள். பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓவனில் வைத்து உள்ளே போன ஹைட்ரஜனை விரட்ட வேண்டும். நேரமில்லை என்று அதையும் விட்டார்கள். வாங்கியவர் இடத்தில் போல்ட்டுகள் உடைந்தன, மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது.

ஓவனில் வைக்காததுதான் காரணம், ஆசிட்டைக் குறை சொல்லாதே என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள். பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஏறும் என்பது எனக்கும் தெரியும். அப்படி ஏறப்போகிற போல்ட்டை முன்கூட்டியே கெட்டி ஆசிட்டில் முக்கலாமா என்பதுதான் என் கேள்வி. ஷாட் பிளாஸ்டிங்கில், அதாவது சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து, சுத்தம் செய்திருந்தால் ஆசிட்டில் முக்கும் நேரத்தையே வெகுவாகக் குறைத்திருக்கலாம்.

விசாரணையில், தொட்டியைப் பார்த்துக்கொள்பவர், அதாவது நான், கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். நான் டிப்ளமோ, அந்தப் பொறியாளர் பி.இ. டிப்ளமோ படித்தவன் பேச்சு மீட்டிங்கில் ஏறாது, பழி என்று வந்தால் மட்டும் முதலில் அவனைக் கூப்பிடுவார்கள். சம்பள உயர்விலும் இதே கதைதான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, வேதியியலுக்கு வருகிறேன். செறிவு கூடினால் வேகம் கூடியே தீரும் என்பதும் கிடையாது. 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியிலேயே சேமிக்கிறார்கள். அதே அமிலத்தில் நிறையத் தண்ணீர் கலந்தால் அந்தத் தொட்டியை அரித்துவிடும். தண்ணீர் குறைவாக இருக்கும்போது அமிலம் அயனிகளாகப் பிரிவது குறைவு. மேலும், உண்டாகும் இரும்பு சல்பேட் கரையாமல் எஃகின்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அடர் நைட்ரிக் அமிலத்தை அலுமினியக் கொள்கலனில் கொண்டுபோவதும் இதுபோல ஒரு படலத்தை நம்பித்தான், அங்கே அது ஆக்சைடு படலம்.

உங்கள் லேபில் சோடியம் தயோசல்பேட் சோதனை செய்திருப்பீர்கள், அமிலம் சேர்த்ததும் கரைசல் கலங்கி, அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி மறைகிற நேரத்தைக் குறிப்பது. தயோசல்பேட்டின் செறிவைப் பாதியாக்கினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அமிலத்தின் செறிவை மாற்றினால் நேரம் அவ்வளவாக மாறாது. எந்தப் பொருளின் செறிவு வேகத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது அந்தந்த வினை எந்தப் படிகளில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. சமன்பாட்டை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது, செய்து பார்த்துத்தான் வினை வகையை (ஆர்டர், அதாவது செறிவு மாறினால் வேகம் எந்த அளவு மாறும் என்பதை) கண்டுபிடிக்க வேண்டும்.

தேர்வில் "வெப்பநிலை முதலான மற்றவை மாறாதபோது, பெரும்பாலான வினைகளில் செறிவு கூடினால் வேகம் கூடும்" என்று எழுதுங்கள். வீட்டில் செய்து பார்க்க ஆசை என்றால் முட்டை ஓடும் வினிகரும் போதும், ஒரு டம்ளரில் அப்படியே, இன்னொன்றில் தண்ணீர் கலந்து. கழிவறை கழுவும் ஆசிட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.