கரி ஏறியதால் வந்த கட்டியா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. எண்ணூரில் கொதிகலன் பராமரிப்பு வேலை. பிட்டத்துக்கு மேலே சிறு வயதிலிருந்தே இருந்த நீலக்கறுப்புக் கட்டி பெரிதானதால் அகற்றிவிட்டார்கள். ‘செல்லுலார் புளூ நீவஸ்; சிறப்புச் சாயப் பரிசோதனை தேவை’ என்று அறிக்கை வந்திருக்கிறது. உடம்பில் கரி ஏறியதால் வந்தது என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இது புற்றுநோயா? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அறிக்கையில் உள்ள ‘செல்லுலார் புளூ நீவஸ்’ என்பது நிறமிச் செல்களால் ஆன ஒரு வகை நீல மச்சம்; புற்றுநோயின் பெயர் அல்ல. அரிதாகவே இவ்வகைக் கட்டி புற்றாக மாறும். கரிக்கும் இதில் பங்கில்லை.

கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாயின் ஓரமாக உள்ள ‘நரம்பு முகடு’ என்ற செல் திரளிலிருந்து நிறமிச் செல்கள் புறப்பட்டுத் தோலுக்கு வருகின்றன. பெரும்பாலானவை மேல்தோலின் அடியில் குடியேறும். சில உள்தோலிலேயே தங்கிவிடும். தம்பியின் கட்டி அப்படித் தங்கிய செல்களிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ஆழத்தில் இருப்பதால்தான் அந்தக் கறுப்பு நிறமி நமக்கு நீலமாகத் தெரிகிறது. இத்தகைய கட்டிகள் பெரும்பாலானவற்றில் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணு மாறியிருக்கும். கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றிலும் இதே மாற்றம் உண்டு என்று எங்காவது படித்தால் பதற வேண்டாம். அந்த மாற்றம் மட்டும் ஒரு கட்டியைப் புற்றாக்கிவிடாது.

கரியால் தோலில் புற்றுநோய் வரும் என்பது உண்மைதான். லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களின் விதைப்பையில் கண்ட புற்றுக்குக் கரியே காரணம் என்று 1775இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். ஆனால் அது மேல்தோலை உருவாக்கும் கெரட்டினோசைட் என்ற செல்களில் பிறந்தது, நிறமிச் செல்களில் அல்ல. கரியால் அந்த வகைப் புற்று வரக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் நன்றாகத் தேய்த்துக் குளிக்கும் பழக்கத்தைத் தம்பி விட்டுவிடக் கூடாது.

கட்டி கறுப்பாக இருக்கிறது என்பதற்காக நிறமிச் செல்லில்தான் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு மேல்தோலின் அடி அடுக்கில் தோன்றும் அடித்தளச் செல் புற்றும் பல நேரம் கறுப்பாகவே வரும். பெட்னார் கட்டி என்ற அரிய வகையில், நார்த்திசு போன்ற செல்களுக்கு நடுவே நிறமிச் செல்கள் சிதறிக் கிடக்கும், அவ்வளவுதான். சிறப்புச் சாயம் கேட்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். நிறமிச் செல்களை அடையாளம் காட்டும் சாக்ஸ்10, எச்எம்பி45 என்ற சாயப் பரிசோதனைகள் இரண்டும் செல்லின் வம்சத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, திசு எங்காவது செத்திருக்கிறதா, உட்கருக்கள் உருக்குலைந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் குணத்தை முடிவு செய்வார்கள். நிறமி மிகுந்த திசுவில் வழக்கமான பழுப்புச் சாயம் நிறமியோடு கலந்து தெரிந்து கண்ணை ஏமாற்றும். சிவப்புச் சாயத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

அகற்றிய திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும், அதிலிருந்து சீவி நுண்ணோக்கியில் பார்த்த கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) பரிசோதனைக் கூடத்திலிருந்து எழுதிக் கேட்டுப் பெறலாம். இவை இல்லாமல், காகித அறிக்கையை மட்டும் வைத்து இரண்டாவது கருத்துச் சொல்ல யாராலும் முடியாது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது; அங்கே தோல் பிரிவில் காட்டுங்கள். வெட்டிய ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். தழும்பில் மறுபடி நிறமோ தடிப்போ தோன்றினாலும், தொடை இடுக்கில் நெறி கட்டினாலும், அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.